அம்மாவின் 11 பெட்டிகள்: எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது?

மேல்மாடி

அம்மா இறந்து ஏழு மாதங்கள் ஆகின்றன. அவர் வாழ்ந்த வீட்டை இன்னும் ஆறு வாரங்களில் காலி செய்து கொடுக்க வேண்டும். கட்டில், பீரோ, பாத்திரங்கள் எல்லாம் சிக்கலில்லாமல் போய்விட்டன. தேவைப்பட்டவர்கள் வந்து எடுத்துக்கொண்டார்கள். மீதி 11 அட்டைப் பெட்டிகளும் ஒரு தையல் இயந்திரமும். எல்லாம் இப்போது என் வீட்டுக் கூடத்தில் சுவரோரம் நிற்கின்றன. என் வீட்டில் காலியாக இருப்பது ஓர் அலமாரியில் இரண்டு தட்டுகள்.

உள்ளே இருப்பவை: ஒட்டும் பக்கங்கள் கொண்ட 4 ஆல்பங்கள். முப்பதுக்கும் மேற்பட்ட ஒலிநாடாக்கள், பாதிக்கு மேல் உறையில் ஒன்றும் எழுதவில்லை. திருமணத்துக்கு முன் அப்பா அம்மாவுக்கு எழுதிய கடிதங்கள், ரிப்பன் கட்டி. நானும் தம்பியும் மூன்றாம் வகுப்பிலிருந்து எழுதித் தள்ளிய நோட்டுப் புத்தகங்கள். ஐந்து மூக்குக் கண்ணாடிகள். ஒரு தகர டப்பா நிறையப் பொத்தான்கள். அம்மா வீட்டிலிருந்தே துணி தைத்துக் கொடுத்தவர். எந்தச் சட்டை கிழிந்தாலும் பொத்தான்களை வெட்டி எடுத்துக்கொண்ட பிறகுதான் அது கரித்துணியாகும்.

நேற்று ஒரு பெட்டியைத் திறந்து உட்கார்ந்தேன். மூன்று மணி நேரம் கழித்து எழுந்தபோது குப்பைப் பையில் கிடந்தது ஓர் உடைந்த பேனா மட்டும். இரவு படுக்கப் போவதற்கு முன் அதையும் போய் எடுத்துவிட்டேன்.

தம்பி வெளிநாட்டில் இருக்கிறான். "எனக்கு ஒன்றும் வேண்டாம் அக்கா, எல்லாவற்றையும் யாருக்காவது கொடுத்துவிடு" என்கிறான். கணவர் வாய் திறப்பதில்லை. ஆனால் பெட்டிகளைச் சுற்றிக்கொண்டு நடக்கும்போதெல்லாம் ஒரு பெருமூச்சு கேட்கிறது. இதைக் கடந்து வந்தவர்கள் எப்படிச் செய்தீர்கள்?

கறார்க்காரன்

ஏழு மாதமாகத் திறக்காமல் இருக்க முடிந்தது என்றால் அதற்குள் இருப்பது எதுவும் உங்களுக்குத் தேவையில்லை. திறக்காமலேயே அனுப்பிவிடுங்கள். திறந்தால் மாட்டிக்கொள்வீர்கள், நேற்று மாட்டிக்கொண்டதைப் போல.

ஓடைக்கரை

இவர் சொல்வதை மட்டும் கேட்டுவிடாதீர்கள். திறக்காத பெட்டிக்குள்தான் வீட்டுப் பத்திரம் இருக்கும். என் மாமனார் காலமானபோது பழைய நாள்காட்டிகளை ஒரு கட்டாகக் கட்டி எடைக்குப் போட்டோம். யாரிடம் எவ்வளவு கொடுத்துவைத்தார் என்பதையெல்லாம் அந்தத் தாள்களின் பின்பக்கத்தில்தான் எழுதிவந்தார் என்று பிறகுதான் தெரிந்தது. கடன் வாங்கியவர்களில் ஒருவர் தானாகவே வந்து திருப்பிக் கொடுத்தார். மற்றவர்கள் யார் என்று இன்றுவரை தெரியாது.

மேல்மாடி, நீங்கள் பிடித்த முனை தவறு, அவ்வளவுதான். கடிதத்தையும் ஆல்பத்தையும் முதலில் எடுத்தால் யாராக இருந்தாலும் உடைந்த பேனாவோடுதான் எழுந்திருப்பார்கள். வீட்டு ஒழுங்குக்குப் பேர்போன ஜப்பானியர் மரி கோண்டோ ஒரு வரிசை சொல்வார்: முதலில் உடை, பிறகு புத்தகம், காகிதங்கள், சில்லறைச் சாமான்கள், கடைசியாகத்தான் நினைவுப் பொருள்கள். கையில் எடுத்துப் பார், மகிழ்ச்சி தருகிறதா என்று கேள் என்பதும் அவர் சொன்னதுதான். அதில் எனக்கு உடன்பாடில்லை. போனவருடைய கண்ணாடியைக் கையில் எடுத்தால் எங்கிருந்து மகிழ்ச்சி வரும்? ஆனால் அந்த வரிசை சரி. முப்பது சட்டைகளைப் பார்த்து வேண்டும், வேண்டாம் என்று சொல்லிப் பழகிய வாய்க்குத்தான் ஒரு கடிதத்தைப் பார்த்தும் சொல்ல வரும்.

நான் செய்ததைச் சொல்கிறேன். ஒரு நாளைக்கு நாற்பது நிமிடம், அலாரம் வைத்துக்கொண்டு. அடித்ததும் எழுந்துவிடுவேன், கையில் என்ன இருந்தாலும். இரவில் தொடவே மாட்டேன். இரவில் எல்லாப் பொருளும் முக்கியமாகிவிடும். பக்கத்தில் யாராவது ஒருவர், கணவர் வேண்டாம், பெருமூச்சு விடாதவராகப் பார்த்து உட்காரவைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பொருளையும் எடுத்து அவரிடம் அதன் கதையைச் சொல்லுங்கள். சொல்ல ஒன்றுமில்லை என்றால் அது அம்மாவின் பொருள்தான், நினைவுப் பொருள் அல்ல. இரண்டும் வேறு.

பழந்தாள்

ஆவணக் காப்பகம் ஒன்றில் 20 ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்த்தவன். எதை வைத்துக்கொள்வது என்று நான் சொல்ல மாட்டேன். நீங்கள் முடிவெடுக்கும் வரை அது பிழைத்துக் கிடக்க வேண்டும் என்பதுதான் என் கவலை.

ஆல்பங்கள்தான் அவசரம். ஒட்டும் அட்டையின்மேல் பளபளப்பான தாள் மூடியிருக்கும் அந்த வகை ஆல்பங்கள் 1970, 80களில் வீட்டுக்கு வீடு இருந்தன. அந்தப் பசையும் மேல்தாளின் பிளாஸ்டிக்கும் நாளடைவில் படத்தைக் கெடுக்கும். பசை இறுகி, படமும் அட்டையும் ஒன்றாகிவிடும். நகத்தால் நெம்பாதீர்கள். பல்லிடுக்கைச் சுத்தம் செய்யும் நூல், மெழுகு பூசாததாக வாங்கி, படத்தின் மூலைக்கு அடியில் நுழைத்து இரு கைகளாலும் அறுப்பதுபோல மெல்ல நகர்த்திக்கொண்டு போங்கள். முரண்டு பிடித்தால் விட்டுவிட்டு, பக்கத்தோடு ஸ்கேன் செய்யுங்கள். சிறிய படங்களுக்கு 600 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 600 புள்ளிகள்) வையுங்கள், பிறகு பெரிதாக்கினாலும் முகம் தெரியும். படத்தின் பின்னால் பேனாவால் எழுத வேண்டாம், மை முன்பக்கத்துக்கு ஊறும். மென்மையான பென்சிலால் அழுத்தாமல் எழுதுங்கள். யார், எந்த ஊர், எந்த ஆண்டு. தெரிந்த பெரியவர் ஒருவராவது உயிரோடு இருக்கும்போதே இதைச் செய்துவிட வேண்டும். காப்பகத்தில் என் கைக்கு வந்த படங்களில் பெரும்பாலானவை அழகானவை, யாரென்று தெரியாதவை.

அடுத்து ஒலிநாடா. உறையில் எழுதாததைக் குப்பை என்று எண்ணிவிடாதீர்கள். கடையில் வாங்கிய பாட்டுக்கு அச்சடித்த உறை இருக்கும். வீட்டில் பதிவான பேச்சு எழுதாத நாடாவில்தான் இருக்கும். ஓட்டிப் பார்க்கும் முன் ஒரு காரியம்: நாடாப் பெட்டியின் மேல் விளிம்பில் இரண்டு முனைகளிலும் சிறு பிளாஸ்டிக் தகடுகள் தெரியும். அவற்றை உடைத்துவிடுங்கள். உடைத்துவிட்டால் தவறிப் பதிவு விசையை அழுத்தினாலும் கருவி பதிவு செய்யாது. காந்தப் பூச்சு நிரந்தரமில்லை, முப்பது ஆண்டைத் தாண்டியவை எப்போது கைவிடும் என்று சொல்ல முடியாது. வீடியோ நாடா ஏதாவது இருந்தால் இன்னும் விரைவாகச் செய்யுங்கள். அதை ஓட்டும் கருவியைக் கடைசிவரை தயாரித்துவந்த ஜப்பானின் ஃபுனாய் நிறுவனமும் 2016 ஜூலையோடு நிறுத்திக்கொண்டது.

கடிதங்களின் ரிப்பனை அவிழ்த்து, மடிப்பைப் பிரித்துத் தட்டையாக வையுங்கள். மடித்த கோட்டில்தான் தாள் முதலில் உடையும். லேமினேட் செய்துவிடாதீர்கள், தயவுசெய்து.

நிழல்குடை

அந்தக் கடிதங்களைப் பற்றித்தான் நானும் எழுத வந்தேன்.

என் பெற்றோரின் கடிதங்கள் என்னிடம் இருந்தன. படிக்கலாமா கூடாதா என்று இரண்டு ஆண்டுகள் யோசித்தேன். அவை இருவருக்கிடையே எழுதப்பட்டவை, மூன்றாமவளாகிய எனக்கு அங்கே வேலையில்லை என்று ஒரு நாள் தோன்றியது. படிக்காமலேயே எரித்துவிட்டேன். அன்றைக்கு அது பெரிய மரியாதை என்று நினைத்தேன். இப்போது எனக்கு 61 வயது. அம்மாவின் கையெழுத்து என்னிடம் ஒரு வரிகூட இல்லை என்பதைப் போன மாதம்தான் கவனித்தேன். மளிகைச் சீட்டுகூட இல்லை.

எரித்தது தவறு என்று இன்றும் என்னால் சொல்ல முடியவில்லை. ஒன்றையாவது வைத்திருக்கலாம் என்று மட்டும் சொல்லத் தோன்றுகிறது.

மேல்மாடி

எல்லோருக்கும் நன்றி. ஓடைக்கரை சொன்னபடி உடைகளில் தொடங்கினேன். பெரியம்மா மகள் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். நான்கு நாட்களில் நான்கு பெட்டிகள் தீர்ந்தன. என்னாலேயே நம்ப முடியவில்லை.

நோட்டுப் புத்தகங்களில் ஒரு வேடிக்கை. அம்மா பத்திரப்படுத்தியிருக்கிறார் என்று நெஞ்சு நெகிழ்ந்து திறந்தேன். ஒவ்வொன்றிலும் பின்பக்கத்தில் எழுதாமல் விட்ட தாள்களில் வாடிக்கையாளர்களின் அளவுகள்! தோள் 14, கை 9, இடுப்பு 32, "அக்குள் தாராளமாக". எங்கள் கணக்கும் கட்டுரையும் அவருக்கு ஒரு பொருட்டாகவே இருந்ததில்லை, மீதித் தாள்தான் வேண்டியிருந்திருக்கிறது. சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்துவிட்டது. என் கட்டுரைகளைத் தயங்காமல் போட்டேன். அளவு எழுதிய பக்கங்களை மட்டும் வெட்டி வைத்திருக்கிறேன், ஒரு சிறு உறைக்குள் அடங்கிவிட்டன.

கடிதங்களை இன்னும் தொடவில்லை. நிழல்குடை எழுதியதைப் படித்த பிறகு கை போகவில்லை.

தனிமரம்

ஒரு மாற்றுக் குரல், கோபித்துக்கொள்ள வேண்டாம். என் அப்பா எதையும் விட மாட்டார். செய்தித்தாள், காலி மருந்துப் புட்டி, அறுந்த செருப்பு. கடைசி நான்கு ஆண்டுகளில் அவர் கட்டிலுக்குப் போக ஓர் ஆள் ஒருக்களித்து நடக்கும் வழிதான் இருந்தது. நாங்கள் அதைச் சோம்பல் என்று நினைத்துச் சண்டை போட்டோம், அவர் இல்லாத நேரம் பார்த்து அள்ளி வெளியே கொட்டினோம். அதற்குப் பிறகு அவர் எங்களோடு பேசுவதையே குறைத்துக்கொண்டார். அது ஒரு நோய் என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேட்டிலேயே 2013இல்தான் பதுக்கல் கோளாறு என்று தனிப் பெயரோடு அது இடம்பெற்றது. அதுவரை வேறொரு நோயின் அறிகுறியாகத்தான் பார்த்தார்கள்.

மேல்மாடிக்கு அப்படி ஒன்றும் இல்லை, நன்றாகவே தெரிகிறது. இதைப் படிக்கும் வேறு யார் வீட்டிலாவது நடக்க இடமில்லாமல் போயிருந்தால், பெட்டி வாங்குவதற்கு முன் மருத்துவரைப் பாருங்கள். அவர் இல்லாத நேரத்தில் அள்ளிக் கொட்டாதீர்கள்.

கறார்க்காரன்

எல்லோரும் சேர்ந்து என்னைக் கல்நெஞ்சன் ஆக்கிவிட்டீர்கள். பரவாயில்லை.

1990இல் கானமன், நெட்ச், தேலர் என்ற மூவர் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். மாணவர்களில் பாதிப் பேருக்கு ஆளுக்கொரு குவளை கொடுத்தார்கள். கொஞ்ச நேரம் கழித்து என்ன விலைக்கு விற்பாய் என்று அவர்களையும், என்ன விலைக்கு வாங்குவாய் என்று கிடைக்காதவர்களையும் கேட்டார்கள். கையில் வைத்திருந்தவர்கள் கேட்ட விலை ஏறத்தாழ இரண்டு மடங்கு. அதே குவளைதான். இதில் அம்மாவும் இல்லை, இறப்பும் இல்லை. கையில் இருக்கிறது என்பதற்காகவே பொருளுக்கு விலை ஏறிவிடுகிறது. அதனால் நான் வேறுமாதிரி கேட்டுக்கொள்வேன்: இது என்னிடம் இல்லை, வேறொருவர் வீட்டில் இருக்கிறது, அதைக் கேட்டு வாங்க இரண்டு பஸ் மாறிப் போவேனா? போவேன் என்றால் வைத்துக்கொள்.

இறந்துபோன என் அண்ணனுடைய பொருள் ஒன்றுகூட என்னிடம் இல்லை. அவனை மறந்துவிட்டேனா?

நிழல்குடை

நீங்கள் மறக்கவில்லை. உங்கள் பிள்ளைகளுக்கு அவரைத் தெரியுமா?

கறார்க்காரன்

இது கொஞ்சம் இடுப்புக்குக் கீழே அடித்ததுதான். ஆனாலும் நியாயமான கேள்வி.

மேல்மாடி

இரண்டு பஸ் கேள்வியை எல்லாவற்றுக்கும் போட்டுப் பார்த்தேன். ஐந்து கண்ணாடிகளில் நான்குக்குப் போக மாட்டேன். கடைசியாக அணிந்ததற்குப் போவேன், அதில் இடது காதுப் பக்கம் அம்மா நூல் சுற்றிவைத்திருக்கிறார், உறுத்தாமல் இருக்க. நான்கையும் தேவையானவர்களுக்குச் சேர்க்கும் ஓர் இடத்தில் கொடுத்துவிட்டேன்.

தையல் இயந்திரத்துக்கு, உண்மையைச் சொன்னால், போக மாட்டேன். எனக்குத் தைக்கத் தெரியாது. தையல் பழகும் ஒரு பெண்ணுக்கு நேற்று ஏற்றி அனுப்பிவிட்டேன். மிதியை அழுத்திப் பார்த்துவிட்டு, "எண்ணெய் போட்டால் பறக்கும்" என்றாள். கூடத்தில் அது நின்ற இடத்தில் தரை மட்டும் வெளுத்திருக்கிறது.

ஓடைக்கரை

நல்ல காரியம். கொடுப்பதற்கு முன் படம் எடுத்தீர்களா? அமெரிக்கப் பல்கலைக்கழக விடுதிகளில் நடந்த ஓர் ஆய்வு 2017இல் வெளியானது. பழைய பொருளைக் கொடுங்கள் என்று ஓரிடத்தில் அறிவிப்பு ஒட்டினார்கள். நினைவுள்ள பொருளைப் படம் எடுத்துக்கொண்டு பிறகு கொடுங்கள் என்று இன்னோரிடத்தில் ஒட்டினார்கள். படம் எடுக்கச் சொன்ன இடத்தில் சுமார் 15 சதவீதம் கூடுதலாக வந்தது. என் அனுபவமும் அதுதான், படம் இருந்தால் மனம் விடுகிறது.

இன்னொன்று. தம்பியிடம் "என்ன வேண்டும்" என்று கேட்டீர்கள், அவர் "ஒன்றும் வேண்டாம்" என்றார். தூரத்தில் இருப்பவர்கள் அப்படித்தான் சொல்வார்கள், நாம் சுமக்கிறோமே என்ற கூச்சம். அடுத்த முறை "அம்மா வீட்டில் உனக்கு என்ன ஞாபகம் இருக்கிறது" என்று கேட்டுப் பாருங்கள். மீதிப் பெட்டிகளைப் பிரிக்கும் முன் கேளுங்கள்.

மேல்மாடி

கேட்டேன். கேட்டிருக்கக் கூடாதோ என்று இப்போது நினைக்கிறேன்.

இயந்திரத்தைப் பல கோணங்களில் படம் எடுத்திருந்தேன், அனுப்பினேன். இரண்டு நிமிடம் பதில் இல்லை. பிறகு, "அக்கா, காந்தம் எங்கே?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவன் சிறுவனாக இருந்தபோது அம்மா தைத்துக்கொண்டிருக்கும்போது மேசைக்கு அடியில் உட்கார்ந்திருப்பான். கீழே விழும் குண்டூசிகளை ஒரு லாடக் காந்தத்தால் பொறுக்கித் தருவது அவன் வேலை. சிவப்புச் சாயம் உதிர்ந்த காந்தம். மேசையின் அடிப்பக்கத்தில் இரும்புச் சட்டத்தில் அது எப்போதும் ஒட்டிக்கொண்டிருக்குமாம். நான் அதே வீட்டில்தான் வளர்ந்தேன், ஒரு நாளும் பார்த்ததில்லை. நான் மேசைக்கு அடியில் உட்கார்ந்தவள் இல்லையே.

"எல்லாவற்றையும் கொடுத்துவிடு என்றது நீதானே" என்றேன். "அது ஒரு பொருளா அக்கா, அதைப் போய்ப் பட்டியலில் சேர்ப்பேனா" என்கிறான். குரல் உடைந்துவிட்டது. இறுதிச் சடங்கில்கூட அழாதவன்.

கொடுத்த பொருளைத் திருப்பிக் கேட்கலாமா? ஒரு கைப்பிடிக் காந்தத்துக்காக?

கறார்க்காரன்

எத்தனை பஸ்?

மேல்மாடி

மூன்று.

கறார்க்காரன்

போய் வாருங்கள்.

தனிமரம்

வெறுங்கையோடு போகாதீர்கள், புதுக் காந்தம் ஒன்று வாங்கிக்கொண்டு போங்கள். அவளுக்கும் ஊசி விழும்.

மேல்மாடி

போனேன். மேசைக்கு அடியில் தலையை விட்டுப் பார்த்தால், அவன் சொன்ன இடத்தில் அப்படியே இருக்கிறது, இரண்டு குண்டூசிகளோடு. அந்தப் பெண் அதை இன்னும் பார்த்திருக்கவே இல்லை. புதியதைக் கொடுத்தேன். இரண்டையும் ஊசிக் குவியலில் வைத்துச் சோதித்துவிட்டு, புதியதுதான் பலமாக இழுக்கிறது, தனக்கே லாபம் என்றாள். இயந்திரத்துக்கு எண்ணெய் போட்டிருக்கிறாள். உண்மையிலேயே பறக்கிறது.

பழைய குண்டூசிகளையும் எடுக்காமல் கொண்டுவந்திருக்கிறேன்.

வீட்டு நிலவரம்: 11 பெட்டிகளில் மீதி இரண்டு. ஆல்பங்களைப் பழந்தாள் சொன்ன நூலால் பிரித்துக்கொண்டிருக்கிறேன், ஒரு படம்தான் கிழிந்தது. பெரியம்மாவை உட்காரவைத்துப் பேர் எழுதுகிறோம், நான் அத்தை என்று நினைத்துக்கொண்டிருந்தவர் அத்தையே இல்லையாம். எழுதாத நாடாக்களில் ஒன்பதை ஓட்டிப் பார்த்துவிட்டேன். ஏழில் வானொலிப் பாட்டு. ஒன்றில் வெறும் இரைச்சல். ஒன்றில் இயந்திரம் ஓடும் சத்தம், நடுவில் அம்மா, "டேய், அதைத் தொடாதே, ஓடுகிறது பார்" என்கிறார். தம்பி ஏதோ பதிவுக் கருவியைக் குடைந்திருக்கிறான். மொத்தம் பதினோரு விநாடி. பிரதி எடுத்து அவனுக்கும் அனுப்பிவிட்டேன்.

கடிதங்களை ரிப்பன் அவிழ்த்துத் தட்டையாக்கி வைத்திருக்கிறேன். முதல் கடிதத்தின் முதல் வரியை மட்டும் கண் தானாகப் படித்துவிட்டது. அதோடு நிறுத்திக்கொண்டேன். எரிக்கவும் இல்லை. உறையின்மேல் தேதி போட்டு அலமாரியில் மேல்தட்டில் வைத்துவிட்டேன், அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்ளலாம்.

பொத்தான் டப்பா மேசைமேல் இருக்கிறது. நேற்று கணவரின் சட்டையில் ஒரு பொத்தான் அறுந்தது. பெருமூச்சு விடாமல் அவரே போய் டப்பாவைக் கிளறி ஒன்றைத் தேடி எடுத்தார். நிறம் பொருந்தவில்லை, அதையே தைத்துக்கொண்டார்.

ஒரு கேள்வி: இந்தக் காந்தத்தைத் தபாலில் அனுப்பலாமா? தம்பி வர இன்னும் ஓராண்டு ஆகும். அதுவரை இங்கே இருந்தால் பலம் குறையுமா?

பழந்தாள்

பலமான காந்தங்களை விமானத்தில் அனுப்பக் கட்டுப்பாடு உண்டு, தபால் நிலையத்தில் கேட்டுவிட்டு அனுப்புங்கள். எனக்கென்றால் அவர் வரும்வரை வைத்திருப்பேன். லாடத்தின் இரண்டு முனைகளுக்கும் குறுக்கே ஓர் இரும்புத் துண்டை ஒட்டிவையுங்கள். ஆணி போதும், தட்டையான பட்டை கிடைத்தால் இன்னும் நல்லது. பலம் வீணாகாது. கீழே போடாதீர்கள், சூடான இடத்தில் வைக்காதீர்கள்.

இப்போது எங்கே வைத்திருக்கிறீர்கள்?

மேல்மாடி

நாடாக்கள் இருக்கும் பெட்டியில்.

பழந்தாள்

உடனே எழுந்து போய் வெளியே எடுங்கள். காந்தம் பட்டால் நாடாவில் இருப்பது அழிந்துவிடும். அந்தப் பதினோரு விநாடிக்குப் பிரதி எடுத்தது நல்லதாகப் போயிற்று. இன்னும் ஓட்டிப் பார்க்காத நாடாக்கள் எத்தனை?

மேல்மாடி

எடுத்துவிட்டேன். இருபத்து நான்கு. காந்தம் இப்போது பொத்தான் டப்பாவின் மூடிமேல் ஒட்டிக்கொண்டிருக்கிறது, நாடாக்கள் அடுத்த அறையில். இன்றிரவே பத்தாவதை ஓட்டுகிறேன்.